வருகைப் பதிவேட்டில் நிவியின் பெயர்

எங்கள் வீட்டில் ஒரு நீல ரெக்சின் பை இருக்கிறது. ரேஷன் கார்டு, தீவுவாசி அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், மாமனாரின் பழைய குடும்ப அட்டையின் நகல் என்று எங்கள் குடும்பமே அதற்குள் காகிதமாக மடிந்து கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ் உண்டு. என் மாமனார் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். கடல் ஊருக்குள் புகுந்த வருடம் அவர்கள் வீட்டோடு பழைய பையும் போயிற்று. தாங்கள் இன்னார்தான் என்று நிரூபிக்க என் கணவர் முருகையா இரண்டு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்திருக்கிறார். போர்ட் பிளேருக்குத் தெற்கே இன்னொரு தீவில், ஹட் பேயில், குடியேறிய பிறகு வாங்கியது இந்த நீலப் பை. ஒரு நாள் வெளியூரில் தங்குவதென்றாலும் அது கூடவே வரும். கல்யாணமான புதிதில் நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

எங்கள் மகள் நிவேதாவின் ஆஸ்பத்திரி நாட்களைச் சொல்ல வந்துவிட்டுப் பையைப் பற்றி எதற்கு இத்தனை பேச்சு என்று தோன்றலாம். நாங்கள் செய்த பெரிய தப்பு அந்தப் பைக்குள்தான் இருந்தது.

நான் ஹட் பே கப்பல் ஜெட்டிப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும். வீட்டில் எனக்கு அரைத்தூக்கக்காரி என்று பெயர். மெஷினை மிதித்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவேன், கூப்பிட்டால் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். அதனால் அந்த நாட்களும் எனக்கு வரிசையாக ஞாபகமில்லை. மிதந்து மிதந்து வருகின்றன. முடிந்தவரை அடுக்கிச் சொல்கிறேன். இதே வழியில் நடக்க நேரும் இன்னொரு அம்மாவுக்குப் பயன்படட்டும்.

நிவி அப்போது இரண்டாம் வகுப்பு. மூன்று நாள் காய்ச்சல், தலைவலி. மூன்றாம் நாள் காலையில் குனிந்து செருப்புப் போடச் சொன்னேன். கழுத்து மடங்கவில்லை. இங்குள்ள டாக்டர் அவளைப் படுக்கவைத்துத் தலையைத் தூக்கிப் பார்த்தார். தலையோடு உடம்பும் பலகையாக எழும்பியது. போர்ட் பிளேர் போயாக வேண்டும் என்றார். கடல் சரியில்லை, கப்பலை நிறுத்தியிருந்தார்கள். ஹெலிகாப்டரில் நோயாளியும் கூட ஒருவரும்தான் போக முடியும். நான் ஏறினேன்.

மேலிருந்து பார்த்தபோது கடல் அசையவேயில்லை. சத்தம் அவ்வளவு அதிகமாக இருந்ததால் எந்தச் சத்தமும் இல்லாதது போலிருந்தது. மடியில் கிடந்த நிவியின் வாய் அசைந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. இப்போதும் சில மதியங்களில் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வாய் அசைவது தெரியும். அன்றைக்கு அவள் என்ன கேட்டாள் என்று பிறகு எத்தனை முறை விசாரித்தும் அவளுக்கு ஞாபகமில்லை.

போர்ட் பிளேரில் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கேட்கப் பயங்கரமாக இருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு நீர் ஓடுகிறது, அதில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கீழ்முதுகில் கொஞ்சம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும். "கஸ் கே பகடோ, இறுக்கிப் பிடிச்சுக்குங்க," என்றார் நர்ஸ். நிவியை இறால் மாதிரிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். வந்த நீர் தெளிவாக இல்லை, கலங்கியிருந்தது. மூளையுறை அழற்சி என்றார்கள். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் கிருமி பிடித்து வீங்குவது. நரம்பு வழியாக இரண்டு வாரம் மருந்து ஏற்ற வேண்டும். பிழைத்துவிடுவாள் என்று யாரும் சொல்லவில்லை, பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

மறுநாள் கடல் அடங்கியதும் முருகையா கப்பலில் வந்து சேர்ந்தார். தோளில் நீலப் பை. கட்டில் ஓரத்தில் நின்று மகளைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்னங்க இது?"

"டீசி. ஸ்கூல்ல போய் வாங்கிட்டேன்."

"புள்ள இன்னும் கண்ணே தொறக்கல. அதுக்குள்ள எதுக்கு டீசி?"

"மெயின்லேண்டுக்கு அனுப்பச் சொன்னா அனுப்பணும்ல. மாசக்கணக்குல தங்க வேண்டி வந்தா அங்க ஒரு ஸ்கூல்ல சேக்கணும். கையில பேப்பர் இல்லேன்னா நம்மள யாருன்னு கேப்பான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அதைக் கிழித்திருப்பேன். பிள்ளை இழுத்துக்கொண்டு கிடக்கிறாள், இந்த மனுஷன் பள்ளியிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை பிழைப்பாள், எழுந்து ஏதோ ஒரு பள்ளிக்கு நடப்பாள் என்று அன்றைக்கு முழுசாக நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

போர்ட் பிளேரிலேயே, டெலானிபூரில், என் நாத்தனார் செல்வியின் குவார்ட்டர்ஸ். அரசாங்க ஆபீஸில் கிளார்க் வேலை. தினமும் காலையில் மேட்டிலிருந்து தூக்குவாளியோடு இறங்கி வருவாள். கஞ்சி, கறிவேப்பிலைத் துவையல், எனக்கு ஒரு மாற்றுச் சேலை. பக்கத்துக் கட்டிலில் வண்டூரிலிருந்து வந்த மீன்காரக் குடும்பம். அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் கண் அயர்ந்த நேரத்தில் தன் மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கண்விழித்தபோது நிவியின் தலைமுடி லேசாகப் பறந்துகொண்டிருந்தது.

காய்ச்சல் விட்டது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ நிவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மழை பெய்துகொண்டிருந்தது, வார்டு முழுக்க சாம்பல் வெளிச்சம். சீக்குப் போய்விட்டது என்று நான் சந்தோஷத்தில் மிதந்தேன். அப்போது சாப்பாட்டு வண்டியிலிருந்து தட்டுகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. வார்டே திடுக்கிட்டது, கைக்குழந்தைகள் அழுதன. நிவி மட்டும் போர்வைக் கோட்டின் மேல் விரலை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தலை திரும்பவில்லை.

செல்வி என்னைப் பார்த்தாள். "அண்ணி, புள்ளையக் கூப்புடுங்க," என்றாள். கூப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் போய் நின்று திரும்பக் கூப்பிட்டேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. ஊதும் சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல் என்று சொல்லிவிடுகிற பிள்ளை அவள். ஜன்னல் பக்கம் பார்க்கவேயில்லை.

பேரா என்று ஒரு பரிசோதனை. பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைப்பார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன ஒயர்களை ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் விடுவார்கள். காது அதைப் பிடித்து மூளைக்கு அனுப்பினால் கணினித் திரையில் கோடு மேடாக எழும்பும். தூங்குகிற பிள்ளையிடம் கேள்வி கேட்டு மூளையிடம் பதில் வாங்குகிற சோதனை. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காதின் கோடு காற்றில்லாத நாளின் கடல் மாதிரிக் கிடந்தது. வலது காதுக்குச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்தபோது, ரொம்பப் பின்னால், ஒரு சின்ன மேடு எழும்பியது. சோதனை செய்த தம்பி அதை விரலால் தொட்டுக் காட்டினார். காது எவ்வளவு கேட்கிறது என்று அளப்பவருக்கு ஆடியாலஜிஸ்ட் என்று பெயர் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"அந்த நோய் உள்காது நரம்பத் தாக்கியிருக்கு," என்றார். "இடது காதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. வலது காதுல இருக்கு. கருவி வெச்சா உதவும். ஆனா எல்லாம் பழையபடி தெளிவாக் கேக்கும்னு நெனச்சுக்காதீங்க. பக்கத்துல, முகத்தப் பாத்துப் பேசினா புரிஞ்சுக்குவா. கூட்டத்துல, சத்தத்துல கஷ்டம்." காதுக்குள் அறுவை செய்து கருவி பொருத்துவதைப் பற்றிக் கேட்டேன். வலது காது எப்படிப் போகிறது என்று பார்த்து, பெரிய டாக்டர் முடிவு செய்வார் என்றார். ஒரு துண்டுச் சீட்டில் சிறப்பாசிரியர் ஒருவரின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அதையும் முருகையா பத்திரமாகப் பைக்குள் வைத்தார்.

வீடு திரும்பும் முன் செல்வி ஒன்று சொன்னாள். மருத்துவக் குழுவிடம் காட்டி மாற்றுத்திறன் சான்றிதழ் வாங்கிவிடலாம், எத்தனை சதவீதம் பாதிப்பு என்று அதில் எழுதித் தருவார்கள், பிறகு நாடு முழுக்கச் செல்லுபடியாகும் அடையாள அட்டையும் வரும் என்றாள்.

"அந்தப் பேப்பர் வேணாம்," என்றார் முருகையா.

உலகத்தில் உள்ள எல்லாக் காகிதமும் வேண்டும் என்று திரிகிறவர். நானும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது புள்ள மேல ஒட்டிக்கும். பொறகு கழட்ட முடியாது," என்றார்.

கப்பலில் நிவி கம்பிப் பிடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தாள். கருவி இன்னும் கிடைத்திருக்கவில்லை. எஞ்சின் அதிர்வு கையில் ஏறுகிறது என்று சைகையில் காட்டினாள். நானும் வைத்துப் பார்த்தேன். ஒரு காதை மூடிக்கொண்டு, பிறகு இரண்டையும் மூடிக்கொண்டு நின்றேன். அலை எழும்பி விழுந்தது, வாயில்லாமல். என் மகள் இனி இருக்கப் போகிற இடம் இதுதானா என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததால் இன்னும் அழுகை வந்தது.

சில வாரங்களில் வலது காதுக்குக் கருவி வந்தது. அவள் தேறியதும் பள்ளிக்கு அழைத்துப் போனோம். தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, நிவிக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"டீசி வாங்கிட்டுப் போயிட்டீங்க. ரோல்ல இப்ப புள்ள பேரு இல்ல. புதுசா அட்மிஷன் போடறதுன்னா, நான் கேக்கறேன், இங்க யார் சொல்லித் தருவா? நிரந்தரமா ஸ்பெஷல் டீச்சரே கிடையாது. நல்லதுக்குச் சொல்றேன், மெட்ராஸ்ல இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு. அங்க சேத்துருங்க. டீசிதான் கையிலயே இருக்கே."

போகச் சொன்னால் கிளம்புவதுதான் வழி என்பது போல முருகையா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்து கப்பல் எப்போது என்று விசாரிக்க ஆரம்பித்தார். இங்கிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து மூன்று நாளுக்குக் குறையாமல் கடல், அப்புறம் தெரியாத ஊரில் ஹாஸ்டல். ஏழு வயசுப் பிள்ளை, கேட்காத காதோடு. மூன்றாம் வகுப்புக்காக நான் தைத்து வைத்திருந்த பாவாடையின் ஓரம் மட்டும் மடித்தடிக்க பாக்கி. ஊசிக்கடியில் துணியை வைத்துவிட்டுக் கால் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் எங்கேயும் மிதக்கவில்லை. எழுந்து போய் நீலப் பையைத் திறந்து அந்தத் துண்டுச் சீட்டை எடுத்தேன்.

அதிலிருந்த நம்பருக்குப் பேசினேன். அடுத்த கப்பலில் அந்தச் சிறப்பாசிரியர் மௌமிதா வந்தார். வங்காளிப் பெண், என்னைவிட வயதில் சிறியவர், போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். சிறப்பாசிரியர் என்றால் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும், மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டவும் தனியாகப் படித்தவர். மாதம் இரண்டு முறை, கப்பல் ஓடினால், தீவுப் பள்ளிகளுக்கு வருவாராம். கடையில் என் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, பஹலே ஏக் பாத், மொதல்ல ஒண்ணு சொல்றேன். டீசி வாங்கினது தப்புதான், ஆனா கதவு மூடல. பக்கத்து ஸ்கூல் புள்ளைய வேணாம்னு சொல்ல முடியாது. காது கேக்கலேன்னு சொல்லி அனுப்பவும் முடியாது. சட்டம் இருக்கு."

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை அவர் எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப்பு நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் சொன்னால், ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை. அது வீட்டுப் பக்கத்துப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் கையில், தலைமையாசிரியர் கையில் இல்லை. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிப்பதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர். உள்ளே உட்காரவைத்துவிட்டால் மட்டும் போதாது, அவளுக்கு எது தேவையோ அந்த வசதியையும் செய்ய வேண்டும். முன் பெஞ்ச், கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசும் ஆசிரியர், வாயால் சொல்வதை எழுதியும் போடுவது. மேல் வகுப்புகளில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம்கூடக் கேட்கலாம்.

ரிசோர்ஸ் ரூம் என்று அவர் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒதுக்கி வைக்கும் தனி அறை ஞாபகம். அப்படி இல்லையாம். வாரத்தில் சில மணி நேரம் போய்ப் பேச்சுப் பயிற்சி, உதடு பார்த்துப் புரியும் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்ப வகுப்புக்கு வந்துவிடும் அறை.

"தனிநபர் கல்வித் திட்டம், ஐஈபி. அதுதான் முக்கியம்," என்றார். "ஒரு புள்ளைக்கு ஒரு காகிதம். இப்ப அவளுக்கு என்ன வருது, ஆறு மாசத்துல என்ன வரணும், யார் என்ன செய்யணும், எப்ப திரும்பப் பாக்கணும். எல்லாம் எழுதி எல்லாரும் கையெழுத்து."

"ஆஸ்பத்திரில கட்டில் கால்ல தொங்குற சீட்டு மாதிரியா?"

"ஹாங், வைசாயி, அப்படித்தான். ஆனா இது நோய்க்கு இல்ல, படிப்புக்கு."

முருகையா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்தச் சதவீதப் பேப்பரு. அது இருந்தா புள்ளைய இங்கருந்து அனுப்பிருவாங்கன்னுதான் நான் வாங்கல."

"அனுப்பறதுக்கு இல்ல அண்ணா. அவ இங்கயே இருக்கறதுக்கு."

முருகையா பிறந்த வீட்டில் காகிதம் என்றாலே கிளம்புவதற்குத்தான். மலையிலிருந்து கிளம்ப, ரப்பர் தோட்டத்திலிருந்து கிளம்ப, தண்ணீருக்குத் தப்பிக் கிளம்ப. இருப்பதற்கும் ஒரு காகிதம் உண்டு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அந்த வாரமே நிவியைக் கூட்டிக்கொண்டு அவரே போர்ட் பிளேர் போனார், மருத்துவக் குழு முன் உட்கார்ந்தார். முதல் முறை ஒரு கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் முறை கிடைத்தது. சதவீதத்தை நான் இங்கே எழுதவில்லை. நாற்பதுக்கு மேல் என்பது போதும்.

மௌமிதாவின் அடுத்த வருகையில் தலைமையாசிரியர் அறையில் கூட்டம். அவர், வகுப்பு டீச்சர், மௌமிதா, நாங்கள் இரண்டு பேர், நிவி. "நாப்பது நிமிஷ பீரியட்ல ஒரு புள்ளைய மட்டும் எப்படிப் பாக்கறது?" என்று தலைமையாசிரியர் முதலில் முனகினார். மௌமிதா பொறுமையாகப் பதில் சொன்னார். அரை மணி நேரத்தில் தலைமையாசிரியரே பேனாவை வாங்கி, அந்த வகுப்பின் தகரக் கதவு தடதடக்காமல் ரப்பர் வைக்க வேண்டும் என்று எழுதினார். அது எனக்குக்கூடத் தோன்றவில்லை.

பிள்ளையிடமும் கேட்க வேண்டுமாம். மௌமிதா ஒரு தாளை அவளிடம் தள்ளினார். நிவி எழுதினாள்: முன்னாடி பெஞ்ச் வேணாம். ரெஹானா பக்கம்.

ரெஹானா அவள் தோழி, பின்னால் உட்காருகிறவள். முன் பெஞ்ச் இல்லாவிட்டால் கேட்காது. பெரியவர்கள் எல்லோரும் யோசித்தோம். வகுப்பு டீச்சர்தான் சிரித்துவிட்டு, "ரெஹானாவ முன்னாடி கொண்டு வந்துட்டாப் போச்சு," என்றார். அதுவும் திட்டத்தில் ஏறியது. முருகையா பையைத் திறந்து டீசியை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்தில் கப்பல் நின்றால் மௌமிதாவும் வருவதில்லை. கருவிக்கு ஈரம் ஆகாது, இந்தத் தீவில் ஈரம் இல்லாத இடம் கிடையாது. அரிசி டப்பாவுக்குள் வைத்துக் காயவைக்கிறேன். சில நாள் நிவி அதைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அப்போது நானும் தொந்தரவு செய்வதில்லை. இரண்டு அரைத்தூக்கக்காரிகள் சும்மா உட்கார்ந்திருப்போம்.

முதல் நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஓரம் மடித்தடித்த புதுப் பாவாடையில் அவள் உள்ளே போனாள். நாங்கள் வராந்தாத் தூண் பக்கம் நின்றோம், போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். முன்பு அவள் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. இப்போது கடைசி, வேறு மையில். ஒவ்வொரு பெயராகப் போயிற்று. கடைசிப் பெயர் வந்ததும் டீச்சர் பதிவேட்டிலிருந்து முகத்தைத் தூக்கி, நேராக நிவியைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். திட்டத்தில் எழுதியிருந்தபடியே.

நிவி எழுந்தாள். "ப்ரெசென்ட் மிஸ்."

தன் குரலின் அளவு அவளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஜெட்டிவரை கேட்டிருக்கும். பிள்ளைகள் சிரித்தார்கள், ரெஹானாவும் சிரித்தாள், நிவியும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

திரும்பி நடக்கும்போது முருகையாவின் தோளில் பை இல்லை என்பதைக் கவனித்தேன். கல்யாணமான நாளிலிருந்து இருக்கிற வாடிக்கைக் கேலியை எடுத்தேன்.

"அந்த டீசிக்கு ஜெராக்ஸ் எத்தன எடுத்து வெச்சிருக்கீங்க, ரெண்டா மூணா?"

"ஒண்ணும் எடுக்கல," என்றார்.